யாருடைய சத்தம் இரைச்சல்? ராக் கிதாரும் வால்வு ஆம்ப்பும்

(இராமநாதபுரத்தில், பறையும் கிதாரும் ராப்பும் சேர்த்து வாசிக்கும் இளைஞர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராக் இசைக்கு எந்த ஆம்ப் வாங்குவது, வாங்கியதை எப்படி வைப்பது என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. நேற்று ஒரு தோழர், "அண்ணே, இதெல்லாம் நம்ம மேடையில பேசுற விசயமா?" என்று கேட்டார். பேசுகிற விசயம்தான். ஒரு தெருவின் கொடைக்கு நடுச்சாமம்வரை குழாய் கத்தலாம், இன்னொரு தெருவில் ஒன்பதே முக்காலுக்கே ஜீப் வந்து நிற்கும் என்றால், சத்தமும் சாதி பார்த்துத்தான் அளக்கப்படுகிறது. அப்புறம் ஒலிபெருக்கி எப்படி நம் தலைப்பு இல்லாமல் போகும்?

நான் பேச்சாளன் இல்லை. ஆம்ப் பழுது பார்க்கிறவன். அதனால் இடையிடையே ஓம், வோல்ட் என்று போய்விடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். யூடியூபில் எல்லோரும் ட்யூப் ஆம்ப், ட்யூப் டோன் என்கிறார்கள். கேட்டால் ஏதோ கடல் தாண்டி வந்த மந்திரம் மாதிரி இருக்கிறது. உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள், "வால்வு செட்டா?" என்பார். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இலங்கை வானொலியைக் கேட்ட வீடுகளில் இருந்தது வால்வு ரேடியோதான். போட்டதும் பாடாது. உள்ளே கண்ணாடிக் குப்பி சிவந்து சூடாகி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குரல் வரும். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ரேடியோ செட் கட்டியவர்கள் வைத்திருந்த பெட்டிகளும் வால்வுதான். அகுஜா கம்பெனி 1940-இல் தொடங்கியது. பெங்களூரில் அரசு நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வுகளையே தயாரித்தது. இன்று மார்ஷல் ஆம்ப்பின் முன்பகுதியில் செருகுகிற இசிசி 83 என்ற வால்வு, ஒரு காலத்தில் பெங்களூர் முத்திரையோடு நம் ஊர் மைக் செட் கடைகளில் கிடந்த பொருள். வெள்ளைக்கார வித்தை என்று யாரும் உங்களை மிரட்ட வேண்டியதில்லை.

அது வேலை செய்வது எப்படி? காற்றை உறிஞ்சிய ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு சின்ன இழை, 6.3 வோல்ட்டில் சூடாகிறது. சூடான கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. எதிரே இருநூறு, முந்நூறு, சில ஆம்ப்களில் நானூறு வோல்ட்டுக்கு மேல் ஏற்றிய ஒரு தகடு அவற்றை இழுக்கிறது. நடுவில் ஒரு கம்பி வலை, அதாவது கிரிட். கிதாரிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னழுத்தம் அந்த வலையில் போய் நின்று, எவ்வளவு எலெக்ட்ரான் கடக்கலாம் என்று தீர்மானிக்கிறது. வாய்க்கால் மடை மாதிரி. மடைப் பலகையை விரலால் அசைத்தால் வாய்க்கால் தண்ணீர் முழுதும் கூடும், குறையும். இசிசி 83-ஐ அமெரிக்கர்கள் 12 ஏஎக்ஸ் 7 என்பார்கள். அதன் பெருக்குத் திறன் 100.

மடையை முழுக்கத் திறந்த பிறகும் திறக்கச் சொன்னால்? தண்ணீர் அதற்கு மேல் கூடாது. ஒலி அலையின் உச்சி தட்டையாகிறது. டிரான்சிஸ்டர் ஆம்ப் இந்த எல்லையில் சட்டென்று வெட்டும். வால்வு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுத்து நசுக்கும். அப்போது மூல ஒலியில் இல்லாத மேல் சுரங்கள் புதிதாகச் சேர்கின்றன. கரகரப்பு வருகிறது, ஒலி தடிக்கிறது, மெதுவாக அடித்த கம்பியும் நின்று முழங்குகிறது. பொறியாளர்கள் இதற்கு வைத்த பெயர் டிஸ்டார்ஷன், உருக்குலைவு. அவர்களுக்கு இது பிழை. பெட்டியின் விளம்பரத்தில் பிழை எத்தனை சதவீதம் குறைவு என்றுதான் போடுவார்கள். நம் மைக் செட் அண்ணன்களும் "குழாய் கிழியுதுடா, கொறைடா" என்று திட்டியது இதைத்தான்.

இந்தப் பிழையைப் பிழை இல்லை என்று முதலில் சொன்னவர்கள் யார்? நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய வரலாறு இது. மட்டி வாட்டர்ஸ் 1943-இல் மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலிருந்து சிகாகோவுக்கு வந்த கறுப்பின உழைப்பாளி. குடிக்கூடங்களின் கூச்சலில் சாதாரண கிதார் யார் காதிலும் விழவில்லை. மின் கிதாருக்கு மாறினார். கைக்குக் கிடைத்த சின்ன ஆம்ப்பை முழுக்கத் திருகினால்தான் கேட்கும், முழுக்கத் திருகினால் அது உடைந்துதான் ஒலிக்கும். அந்த உடைந்த ஒலியே சிகாகோ ப்ளூஸின் அடையாளமானது. 1951-இல் ஐக் டர்னரின் குழு மெம்பிஸுக்கு ஒலிப்பதிவுக்குப் போகிறது. வழியில் கிதார் ஆம்ப் சேதமாகிவிட்டது. மாற்று ஆம்ப் வாங்கக் காசும் இல்லை, நேரமும் இல்லை. கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து, அந்த உறுமலோடேயே 'ராக்கெட் 88' பாட்டைப் பதிந்தார்கள். ராக் அண்ட் ரோலின் முதல் இசைத்தட்டு இதுதான் என்று பலர் சொல்கிறார்கள். 1958-இல் ஷானி பழங்குடி வம்சாவளியைச் சேர்ந்த லிங்க் ரே, ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டு 'ரம்பிள்' வாசித்தார். அந்தப் பாட்டில் ஒரு சொல்கூடக் கிடையாது, வெறும் கிதார். அதையும் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன, இளைஞர்கள் தெருச் சண்டைக்குக் கிளம்பிவிடுவார்களாம். வார்த்தையே இல்லாத சத்தத்துக்குப் பயந்தவர்களைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செப்டம்பர் 11-ஆம் தேதி நெருங்கினாலே தடையுத்தரவையும் வாகனக் கட்டுப்பாட்டையும் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். 1957-இல் கொல்லப்பட்ட ஒருவரை நினைவுகூரப் போனவர்கள்மேல் 2011-இல் பரமக்குடியில் துப்பாக்கி பேசியது.

சகோதரி ரோசெட்டா தார்ப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். தேவாலயப் பாடல் பாடிய கறுப்பினப் பெண். மின் கிதாரை முழங்கவிட்டு வாசித்தார். 1964-இல் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றில் அவர் வாசித்த காட்சி இணையத்தில் கிடைக்கிறது. இங்கே பின்வரிசையில் கிதாரோடு உட்கார்ந்திருக்கிற இரண்டு தங்கைகளும் இன்று இரவே அதைப் பாருங்கள்.

பிறகுதான் லண்டன் வருகிறது. ஜிம் மார்ஷல் என்ற டிரம் ஆசிரியர், தன் கடைக்கு வரும் பையன்கள் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பை விலை கொடுத்து வாங்க முடியாமல் தவிப்பதைப் பார்த்து, 1962-இல் தன் ஆட்களோடு சேர்ந்து அதையே ஏறக்குறைய நகலெடுத்துச் செய்தார். மார்ஷல் ஆம்ப்பின் பிறப்பே ஒரு மலிவு நகல்தான். இன்று அந்தப் பெயரைச் சொல்லித்தான், அது இல்லாதவன் கிதாரே வாசிக்கக் கூடாது என்கிறார்கள்!

எரிக் கிளாப்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. வால்வு டோன் பற்றிய பேச்சில் அவர் பெயர் வராமல் இருக்காது. கறுப்பர்களிடம் கற்ற ப்ளூஸால் வாழ்ந்தவர். 1976-இல் பர்மிங்காம் மேடையில் நின்று, குடியேறிகளை வெளியேற்றச் சொல்லிப் பேசினார். அந்தப் பேச்சுக்கு எதிர்வினையாகத்தான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் பிறந்தது. ஒலி யாரிடமிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு ஒலியை மட்டும் அனுபவிக்கலாம். பறையைச் சினிமாவில் ரசித்துவிட்டு, பறை அடிப்பவரைத் திண்ணையில் ஏற்றாத ஊர்கள் நமக்குத் தெரியாதா? அந்தக் கருவியின் பெயரிலிருந்துதான் ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் சொல்லே போனது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் நம்மவர்கள், பிறகு அதையே மேடையில் ஏற்றி முழக்கியதும் நம்மவர்கள். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் மின் கிதாரும் ஒன்றாக நின்றன. அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லின் தடத்தில் வந்த பெயர் அது. அதைப் பார்த்துத்தானே உங்களில் பாதிப் பேர் கிதாரை எடுத்தீர்கள்?

சரி, வாங்குகிற விசயத்துக்கு வருவோம்.

மண்டபம் பக்கத்துத் தம்பி ஒருவனோடு ஒரு பெருநகரத்தின் இசைக்கருவிக் கடைக்குப் போயிருந்தேன். எந்தக் கடை என்பது வேண்டாம். வால்வு ஆம்ப் அருகே போனதும் விற்பனையாளர், "அது ஹை எண்ட், நீங்க அந்தப் பக்கம் பாருங்க" என்றார். தம்பி செருப்பையும் சட்டையையும் குனிந்து பார்த்துக்கொண்டான். நான் பட்டியலில் இருந்த வால்வுகளின் பெயரைச் சொல்லி நாலு கேள்வி கேட்ட பிறகு நாற்காலி வந்தது. அறிவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லத்தான் இதைச் சொன்னேன். வாசித்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். வாசிக்க விடாத கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

பெரிய தப்பெண்ணம் வாட்டில் இருக்கிறது. 100 வாட் என்றால் 10 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தம் என்று நினைக்கிறார்கள். காது அப்படிக் கேட்பதில்லை. வாட் பத்து மடங்கானால் கூடுவது 10 டெசிபல். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்குதான். 50-க்கும் 100-க்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். அதே 3 டெசிபலை நல்ல ஸ்பீக்கர் ஒன்றே தந்துவிடும். ராக் கரகரப்பு வேண்டுமென்றால் பவர் வால்வுகள் உழைக்க வேண்டும். 100 வாட் ஆம்ப்பின் பவர் வால்வுகளை உழைக்கவைத்தால் பக்கத்து ஊரும் எழுந்துவிடும். ஆகவே 2-இல் வைத்து வாசிப்பீர்கள். 2-இல் அது உழைக்காது, வெறுமனே சூடாகிக்கொண்டிருக்கும். உங்கள் அறைக்கு 5 வாட் தாராளம். மேடைக்கு 15 அல்லது 20 வாட். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஆம்ப் முன்னால் ஒரு மைக்கை வைத்து மைக் செட்டில் அனுப்புங்கள். கிளாப்டனின் 'லைலா' காலத்துக் கிதார் முழக்கத்துக்குப் பின்னால் இருந்ததும் ஃபெண்டர் சேம்ப் என்ற சின்னப் பெட்டிதான் என்பார்கள்.

அடுத்து, எந்த வால்வு? இஎல் 84 சிறியது, சீக்கிரம் உடையும், மேல் ஒலியில் மணியடிக்கும். வோக்ஸ் ஏசி 15, ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் இரண்டிலும் இதுதான், 15 வாட். இஎல் 34 மார்ஷலின் குரல். நடு ஒலி முன்னால் வந்து முகத்தில் அறையும். 6 எல் 6 அமெரிக்க ஃபெண்டர் குரல், ஆழமான அடி ஒலி, உடைய நேரமாகும். 6 வி 6 அதன் தம்பி, சேம்ப்பில் இருப்பது, இதமாக உடையும். பறையோடும் பாஸ் கிதாரோடும் வாசிக்கிறவர்களுக்கு என் ஓட்டு இஎல் 84-க்கும் இஎல் 34-க்கும். அடி ஒலி உங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. கிதாரும் அங்கேயே போய் உட்கார வேண்டாம்.

வால்வுக்குச் செலவழிக்கிற கவனத்தில் பாதியைக்கூட ஸ்பீக்கருக்கு யாரும் செலவழிப்பதில்லை. எனக்கு இதில் தீராத வருத்தம். வால்வைக் கழற்றி வேறு பிராண்ட் மாட்டினால் வரும் வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னால் பெரும்பாலானவர்கள் திணறுவார்கள். ஸ்பீக்கரை மாற்றினால் உங்கள் அம்மாகூடச் சொல்லிவிடுவார். செலெஸ்டியன் க்ரீன்பேக் என்ற பழைய வகை 25 வாட் தாங்கும், மென்மையாகக் கரகரக்கும். வின்டேஜ் 30 என்பது பெயருக்குத்தான் 30, தாங்குவது 60 வாட், நடு ஒலி தூக்கலாக இருக்கும். எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள ஆம்ப்பில் ராக் தேடாதீர்கள். பன்னிரண்டு அங்குலம் வேண்டும். பத்து என்றால் சமாளிக்கலாம்.

இனி காசு. புதிய 15 வாட் வால்வு ஆம்ப் அரை லட்சத்தைத் தாண்டிவிடும். அதோடு முடியாது. நன்றாக வாசிக்கிறவர்களுக்குப் பவர் வால்வு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற வேண்டும். முன் வால்வுகள் நீண்ட நாள் வரும். இன்று வால்வு தயாரிப்பது சுலோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று சில இடங்களில்தான். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் உலகம் முழுக்க வால்வுக்குத் தட்டுப்பாடும் விலையேற்றமும் வந்தது. கேதோடு பயஸ் வகை ஆம்ப் என்றால் பவர் வால்வை நீங்களே மாற்றிச் செருகலாம். ஃபிக்சட் பயஸ் வகையில் பெரும்பாலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அளந்து சரி செய்ய ஆள் வேண்டும். நமக்கு முதலாவது வகைதான் தோது.

தவணையில் வாங்காதீர்கள். கடலை நம்பியிருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும், தவணை நிற்காது. டிரான்சிஸ்டர் ஆம்ப் வைத்திருப்பவன் இரண்டாந்தரம் இல்லை. இப்போதைய டிஜிட்டல் மாடலிங் பெட்டிகள் வால்வின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகின்றன. தூரத்தில் நிற்கிற கூட்டத்துக்கு வித்தியாசமே தெரியாது. "உண்மையான டோன்" என்று ஒருவர் தொடங்கினால், சுத்தமான ராகம், சுத்தமான உச்சரிப்பு, சுத்த சைவம் என்று நாம் கேட்டுவந்த வரிசையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரகரப்பைக் கொண்டாடுகிற ஒரு கருவிக்கே தீட்டுக் கணக்கு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

அப்படியானால் வால்வு ஏன்? விரலுக்கு. மெதுவாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் உறுமியும் பதில் சொல்லும். கிதாரின் வால்யூமை 10-இலிருந்து 5-க்குக் குறைத்தால் கரகரப்பு விலகி சுத்த ஒலி வந்துவிடும். பெடலே மிதிக்காமல் ஒரு பாட்டைக் கொண்டுபோகலாம். கேட்கிறவனைவிட வாசிக்கிறவனுக்குக் கிடைக்கிற லாபம் அது. அந்த லாபத்துக்கு அவ்வளவு காசு தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்று குழுக்கள் சேர்ந்து ஒரு ஆம்ப் வாங்கினால் தகும் என்பது என் கணக்கு.

இப்போது திருகுகள். ஆம்ப்பைச் சுவரோரம் தரையில் வைத்துவிட்டு, முன்னால் நின்று திருகுகிறீர்கள். ஒலி உங்கள் முழங்காலுக்குப் போகிறது. காதுக்கு மந்தமாகத் தெரிவதால் ட்ரெபிளை ஏற்றுகிறீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்குக் காது கிழிகிறது. ஆம்ப்பை நாற்காலியில் ஏற்றுங்கள், அல்லது பின்னால் சாய்த்துக் காதைப் பார்க்க வையுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எல்லாத் திருகையும் நடுவில் வையுங்கள். கிதார் வால்யூம் முழுதாக. மாஸ்டரை வாசிக்கப்போகிற அளவுக்கு முதலிலேயே ஏற்றிவிடுங்கள். மெல்லிய சத்தத்தில் கண்டுபிடித்த டோன் பெரிய சத்தத்தில் செத்துவிடும், ஏனென்றால் குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடி ஒலி சரியாகக் கேட்காது. பிறகு கெயினை மெதுவாக ஏற்றுங்கள். போதும் என்று தோன்றும் இடத்திலிருந்து கொஞ்சம் குறையுங்கள். தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கிற கெயின், குழுவோடு சேர்ந்தால் ஈக்கூட்டம் மாதிரி இரையும். நீங்கள் கேட்டு வளர்ந்த பழைய ராக் பதிவுகளில் கெயின் நீங்கள் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு.

ஃபெண்டர், மார்ஷல் வழியில் வந்த ஆம்ப்களில் பாஸ், மிடில், ட்ரெபிள் திருகுகள் எதையும் கூட்டுவதில்லை. எவ்வளவு விடுவது என்றுதான் தீர்மானிக்கின்றன. ஒன்றை அசைத்தால் மற்றது மாறும். அதனால் எண்ணைப் பார்க்காதீர்கள், காதைப் பாருங்கள். கெயின் ஏற ஏற பாஸைக் குறையுங்கள், இல்லையென்றால் கம்பிகள் களிமண்ணாகிவிடும். மிடிலை மட்டும் குறைக்காதீர்கள். நம் பையன்கள் எல்லோரும் மிடிலைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, மேடையில் கிதார் கேட்கவே இல்லை என்கிறார்கள். கிதாரின் வீடே நடு ஒலிதான். தடித்த கம்பியின் சுரம் 82 ஹெர்ட்ஸ், பாஸ் கிதாரின் கீழ்க் கம்பி 41. கீழே பாஸ் கிதாரும் பறையின் அடிக்குச்சியும் இருக்கின்றன. மேலே சிம்புக்குச்சியின் சுளீர் ஒலி இருக்கிறது. மிடிலைக் குறைத்தால் நீங்கள் நிற்க இடமே இல்லை. சிம்புக்குச்சி வெட்டும் இடத்தில் கிதாரின் பிரசன்ஸ் திருகை இறக்கிக் கொடுங்கள். பறைக்காரர் அடிக்க, நீங்கள் திருகுங்கள். தனியே வீட்டில் திருகிப் பேனாவால் குறி போட்டுக்கொண்டு வருவது வீண்.

மைக் வைக்கும்போது ஸ்பீக்கரின் நட்டநடுவில் வைத்தால் கூர்மையாக இருக்கும். விளிம்பை நோக்கி ஓரிரு அங்குலம் தள்ளினால் இதமாகும். திருகைத் தொடுவதற்கு முன் மைக்கை நகர்த்திப் பாருங்கள். மைக் செட் அண்ணனிடம் அதிகாரம் காட்டாதீர்கள். அன்றைக்கு உங்கள் பாட்டு ஊருக்குக் கேட்பது அவர் கையில் இருக்கிறது, கூலியும் உங்களைவிட அவருக்குக் குறைவாகவே இருக்கும்.

கடைசியாக நம் கரைக்கே உரிய சங்கதிகள். சென்னைக்காரர்கள் சொல்லமாட்டார்கள்.

உப்புக்காற்று. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தையே அரித்து, 2025-இல் புதுப் பாலத்துக்கு ஆளாக்கிய காற்று அது. உங்கள் ஆம்ப்பின் வால்வு சாக்கெட்டையும் திருகையும் விட்டுவைக்குமா? கரகர என்று திருகு கத்தினால், சாக்கெட்டில் வால்வை அசைத்தால் சத்தம் போய்ப் போய் வந்தால், துருதான். ஈரமில்லாத துணியால் மூடுங்கள், வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் போடுங்கள். அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள். திருகுக்கும் சாக்கெட்டுக்கும் அதற்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்த ஆம்ப்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

மின்சாரம். திருவிழா இரவில் 230 வோல்ட் 180-க்கு விழுந்தால், 6.3 வோல்ட் இழைக்கு 5 வோல்ட்கூடக் கிடைக்காது. வால்வு சோர்ந்துவிடும். டோன் போச்சு என்று நீங்கள் பெடலைக் குறை சொல்வீர்கள். ஜெனரேட்டர் எகிறினால் அதைவிட மோசம். ஸ்டெபிலைசர் இல்லாமல் மேடையில் வால்வு ஆம்ப்பைப் போடாதீர்கள். யாராவது வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ பழைய ஆம்ப் கொண்டுவந்தால் பின்னால் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 120 வோல்ட் ஆம்ப்பை நம் சுவரில் நேராகச் செருகினால் புகைதான் வரும்.

ஸ்பீக்கர் கம்பியைச் செருகாமல் ஒருபோதும் ஆம்ப்பைப் போடக்கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப் பொறுத்துக்கொள்ளும். வால்வு ஆம்ப்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துபோகும். பின்னால் 8 ஓம், 16 ஓம் என்று போட்டிருந்தால் ஸ்பீக்கரோடு பொருத்திச் செருகுங்கள்.

இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. ஹம் வருகிறது என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடுகிறார்கள். கிதார் கம்பிகள் ஆம்ப்பின் உடலோடு இணைந்தவை. ஆம்ப் ஒரு லைனில், பாடகர் மைக் ஜெனரேட்டரின் இன்னொரு லைனில், எர்த் இல்லை. கையில் கம்பி, உதட்டில் மைக். ஆள் அங்கேயே விழுவார். மேடையேறும் முன் டெஸ்டரால் மைக் தலையையும் கிதார் கம்பியையும் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் ஏறாதீர்கள், யார் சொன்னாலும் ஏறாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்றாலும் எர்த் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அதேபோல, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆம்ப்பின் கப்பாசிட்டர்களில் நானூறு வோல்ட் வரை தங்கியிருக்கும். வீடியோ பார்த்துவிட்டு மூடியைத் திறக்காதீர்கள். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் வாருங்கள், சொல்லித் தருகிறேன். நம் பிள்ளைகள் நாலு பேர் ஆம்ப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்வது, நாலு பேர் ஆம்ப் வாங்குவதைவிட நல்லது.

அனுமதிக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நல்ல விதிதான், தூங்குகிற குழந்தை எல்லாத் தெருவிலும் இருக்கிறது. அதே விதி பக்கத்துத் தெருவுக்கும் பொருந்துகிறதா என்று தேதியும் நேரமும் போட்டு எழுதிவையுங்கள், மனு போட உதவும்.

நாளை சாயங்காலம் நிகழ்ச்சி. கடற்கரை ஈரத்தில் பறைத் தோல் தொய்யும், வைக்கோல் மூட்டிக் காய்ச்சுவார்கள். அந்த நேரத்திலேயே யாராவது ஆம்ப்பையும் போட்டுவிடுங்கள், இரண்டுக்கும் பத்து நிமிடச் சூடு வேண்டும். ஸ்பீக்கர் கம்பி செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தங்கைகள் முதலில்.